எடைப் பிரிவு தாண்டி பாக்ஸிங் சாம்பியன்களை ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் விளையாட்டுப் பேச்சு என்றால் முதலில் கால்பந்து. தூத்தூர்ப் பக்கம் போனால் கிட்டத்தட்ட அது மட்டும்தான். பாக்ஸிங் பார்க்கிற கூட்டம் சின்னது, ஆனால் விடாக்கண்டன் கூட்டம். லாஸ் வேகாஸில் சனி இரவு நடக்கிற பெரிய சண்டை நமக்கு ஞாயிறு காலை என்பதால், அன்றைக்கு மட்டும் முதல் பூசைக்கே போய்விட்டு வந்து போனைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரியாத்தில் என்றால் விடியற்காலை மூன்று மணிவாக்கில் எழ வேண்டும். டோக்கியோ சண்டைதான் சௌகரியம், சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

சண்டை முடிந்ததும் கேள்விகள் வரும். ஜிம்மில் பயிற்சி எடுக்கிற பையன்கள், வடசேரி டீக்கடையில் கூடுகிறவர்கள், வளைகுடாவிலிருந்து கூப்பிடுகிற சொந்தக்காரர்கள் என்று யார் கேட்டாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்டபடியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். தகவல்கள் 2025 இறுதி வரையிலானவை.

பவுண்ட் ஃபார் பவுண்ட்னா என்ன அண்ணே? எல்லாரும் சொல்லுகாங்க, யாரும் விளக்க மாட்டேங்காங்க.

எல்லா வீரர்களும் ஒரே எடையில் இருந்தால் யார் சிறந்தவர் என்று கற்பனை செய்து பார்ப்பதுதான். எடை, உயரம், கை நீளம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் இருக்கும் திறமையையும் சாதனையையும் மட்டும் எடுத்துக்கொள்வது. இந்தப் பேச்சு பரவியதற்கு முக்கியக் காரணம் சுகர் ரே ராபின்சன். 1940-களில் வெல்டர்வெயிட்டில், அதாவது 147 பவுண்டுப் பிரிவில், அவர் இருந்த இருப்பைப் பார்த்தவர்களுக்கு, ஹெவிவெயிட் சாம்பியன்தான் உலகத்திலேயே பெரிய ஆள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிற்பாடு ரிங் என்ற பாக்ஸிங் பத்திரிகை இதை ஒரு வரிசைப் பட்டியலாகவே வெளியிட ஆரம்பித்தது. அதில் முதன்முதலாக முதல் இடத்தில் இருந்தவர் மைக் டைசன்.

மொத்தம் எத்தனை எடைப் பிரிவு இருக்கு?

தொழில்முறை ஆண்கள் பாக்ஸிங்கில் 17. கீழே 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. மேலே 200 பவுண்டைத் தாண்டினால் ஹெவிவெயிட், அதற்கு உச்சவரம்பு கிடையாது. டபிள்யூபிசி 2020-ல் 224 பவுண்டுக்கு இன்னொரு பிரிவைச் சேர்த்தது, அது இன்னும் ஊன்றவில்லை. பழைய காலத்தில் எட்டே எட்டுப் பிரிவுதான்: ஃப்ளை, பாண்டம், ஃபெதர், லைட், வெல்டர், மிடில், லைட் ஹெவி, ஹெவி. இந்த எட்டு, பதினேழு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நேருக்கு நேர் நின்னா உசிக் ஒரே அடியில இனோவேயைப் படுக்க வச்சிருவாரு. அப்புறம் எப்படி ரெண்டு பேரையும் ஒப்பிடுகது?

படுக்க வைத்துவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. உக்ரைனின் ஒலெக்ஸாண்டர் உசிக் 100 கிலோ ஆள், ஜப்பானின் நவோயா இனோவே 55 கிலோ. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்ததால்தான் எடைப் பிரிவு என்ற ஒன்றே வந்தது.

எடை என்ன செய்யும் என்று பார்க்க லாஸ் வேகாஸ் போக வேண்டாம். பக்கத்து ஜிம்மில் 52 கிலோப் பையன் ஒருவனும் 64 கிலோப் பையன் ஒருவனும் பயிற்சிச் சண்டை போட்டதைப் பார்த்தேன். சின்னவன் நன்றாகத் தேறியவன். அடுத்தடுத்து அவன் ஜாப், முன்கையால் போடுகிற நேர்க்குத்து, முகத்தில் விழுந்தது, பெரியவன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் முன்னே நடந்து வந்துகொண்டே இருந்தான். அப்புறம் பெரியவன் பக்கவாட்டிலிருந்து வளைத்து ஒரு ஹுக் போட்டான். சின்னவன் கையை உயர்த்தி ஒழுங்காகத்தான் தடுத்தான். ஆனால் தடுத்த கையே அவன் காதில் வந்து மோத, ஆள் இரண்டடி பக்கவாட்டில் போய்க் கயிற்றைப் பிடித்தான். வித்தை அவனிடம், முடிவு இவனிடம். உலக சாம்பியன்களுக்கும் இதே கதிதான், அங்கே அடி இன்னும் பலமாக விழும் என்பதுதான் வித்தியாசம்.

சாளையையும் நெய்மீனையும் ஒரே ஏலத்துல போட்ட மாதிரில்லா இருக்கு? இதுல என்ன நியாயம்?

குளச்சல்காரர் ஒருவர் கேட்டது. அவர் சொன்னதிலேயே பதிலும் இருக்கிறது. சாளையை நெய்மீன் விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இது நல்ல சாளையா, அது நல்ல நெய்மீனா என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இனத்தில் வைத்து மதிப்பிட்டுவிட்டால், எது தன் இனத்தில் அபூர்வம் என்று பேச முடியும்.

நான் பார்ப்பது இவ்வளவுதான். யாரை ஜெயித்தார், அந்த ஆள் அப்போது எந்த நிலையில் இருந்தார்? தன் உடம்புக்கு வசதியான எடையிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே போனார்? எப்படி ஜெயித்தார், தட்டுத்தடுமாறியா, சந்தேகத்துக்கு இடமில்லாமலா? பெல்ட் (அதாவது பட்டம்) எண்ணிக்கை, தோல்வியில்லாத கணக்கு, டிக்கெட் வசூல் எல்லாம் இதற்கு அப்புறம்தான். முதல் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ஒரே பிரிவுல நாலு சாம்பியன் எப்படி இருக்காங்க?

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக பெல்ட் கொடுக்கும், சாம்பியனின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொள்ளும். போதாததற்கு இடைக்கால சாம்பியன், சூப்பர் சாம்பியன் என்று கிளைகள் வேறு. அதனால் 'உலக சாம்பியன்' என்று சொன்னவுடன் மயங்கிவிட வேண்டாம். நான்கு பெல்ட்டையும் ஒரே ஆள் வைத்திருந்தால் அவர்தான் போட்டியில்லாத சாம்பியன். அந்த நிலைக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு.

எட்டுப் பிரிவுல சாம்பியன், அஞ்சு பிரிவுல சாம்பியன்னு சொல்லுகாங்களே. நம்பர் கூடுனா பெரிய ஆள்தானே?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரிவுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரே அளவு இல்லை. 105-லிருந்து 108-க்குப் போவது 3 பவுண்டு, ஒன்றரைக் கிலோகூட இல்லை. 160-லிருந்து 168 என்றால் 8 பவுண்டு. 175-லிருந்து 200 என்றால் 25 பவுண்டு. இந்த மூன்றுக்கும் 'ஒரு பிரிவு மேலே போனார்' என்றுதான் எழுதுவார்கள். முன்பு எட்டே பிரிவு இருந்தபோது ஒரு படி ஏறுவது இன்றைக்கு இரண்டு படி ஏறுவதற்குச் சமம். 1938-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஃபெதர், லைட், வெல்டர் மூன்றிலும் ஒரே நேரத்தில் சாம்பியனாக இருந்தார், அதுவும் பிரிவுக்கு ஒரே ஒரு சாம்பியன் என்ற காலத்தில். அதை இன்றைய மூன்று பெல்ட்டோடு சேர்த்து எண்ணக் கூடாது.

நான் சதவீதம் போட்டுப் பார்ப்பேன். பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் முதல் உலகப் பட்டத்தை 1998-ல் 112 பவுண்டில் வாங்கினார், 2009-ல் 147 பவுண்டுப் பட்டத்தை வாங்கினார். 31 சதவீத ஏற்றம். அமெரிக்காவின் டெரன்ஸ் க்ராஃபோர்ட் 2014-ல் 135, 2025-ல் 168. இது 24 சதவீதம். இனோவே 2014-ல் 108, 2023-ல் 122. 13 சதவீதம்தான், ஆனால் 'நான்கு பிரிவு சாம்பியன்' என்று காதில் விழும்போது அது பெரிதாகத் தெரியும். க்ராஃபோர்டின் கணக்கில் ஐந்து பிரிவு. நான்குக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் ஒன்று என்று நினைத்தால் தப்பு.

இந்தச் சதவீதமும் வேதவாக்கு கிடையாது. 48 கிலோ எடையுள்ள, எலும்பும் தசையுமாக இருக்கிற ஆளுக்கு 2 கிலோ ஏற்றுவது பெரிய பாடு. அடுத்த பிரிவில் யார் நிற்கிறார் என்பதும் முக்கியம்.

எடை பாக்குக நாள் ஒண்ணு, சண்டை நாள் ஒண்ணு. இது ஏமாத்து வேலை இல்லையா?

விதிக்கு உட்பட்ட ஏமாற்று என்று சொல்லலாம். பொதுவாகச் சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். உடம்பில் உள்ள தண்ணீரை வற்றவைத்து வரம்புக்குள் வந்துவிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் குடித்தும் சாப்பிட்டும் மீட்டுக்கொள்வார்கள். 2010-ல் பாக்கியாவும் அன்டோனியோ மார்கரிட்டோவும் மோதினார்கள். எடை மேடையில் பாக்கியாவ் 144.6 பவுண்டு, மார்கரிட்டோ 150. சண்டை நாள் இரவில் 148-க்கு 165. பாக்கியாவ் தன்னைவிட 17 பவுண்டு கூடின ஆளோடு 12 ரவுண்டு நின்று, எதிராளியின் கண்ணெலும்பை உடைத்து ஜெயித்தார். பட்டம் 154 பவுண்டுப் பட்டம், ஆனால் அந்தப் பிரிவுக்கு அவர் உடம்பு வளரவே இல்லை.

ஐபிஎஃப் மட்டும் சண்டை நாள் காலையில் இன்னொரு தரம் எடை பார்த்து, 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நம்மூர்ப் பையன்களுக்கு ஒன்று: போட்டிக்கு முன்னால் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது, தண்ணீர் குடிக்காமல் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் வேண்டாம். உலக சாம்பியனுக்குப் பக்கத்திலேயே மருத்துவர் இருப்பார். உங்களுக்கு இருக்க மாட்டார்.

கேட்ச்வெயிட்னு ஒண்ணு சொல்லுகாங்களே, அதுல ஜெயிச்சா கணக்கு உண்டா?

இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்கிற நடு எடை அது. கணக்கு உண்டு, ஆனால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பாக்கியாவ் 2009-ல் மிகேல் கோட்டோவை ஜெயித்தது 147 பிரிவுப் பட்டத்துக்கு, ஆனால் ஒப்பந்தம் 145. மேவெதர் 2013-ல் கனேலோ ஆல்வரெஸை ஜெயித்தது 152-ல், கனேலோவுக்கு அப்போது 23 வயது. இரண்டும் பெரிய வெற்றிகள்தான். பெரிய ஆளைக் கீழே இழுத்துவிட்டு அடித்தார்கள் என்ற ஓர் அடிக்குறிப்போடு.

அப்போ மேவெதர்? 50-க்கு 50 ஜெயிச்சவரை நீங்க என்ன சொல்லுவீங்க?

ஃப்ளாய்ட் மேவெதர் மாதிரி அடி வாங்காமல் அடிக்கத் தெரிந்தவர் இந்தத் தலைமுறையில் யாரும் இல்லை. 130-லிருந்து 154 வரை ஐந்து பிரிவுகளில் பட்டம். 2001-ல் டியேகோ கொராலஸ் என்ற தோல்வியறியாத முரட்டு ஆளை ஐந்து தடவை தரையில் தள்ளினார். அதைப் பார்க்காமல் 'ஓடுகிறவர்' என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

ஆனால் 50-0 என்ற எண்ணைக் காட்டி வாதம் செய்யாதீர்கள். அந்த 50-வது வெற்றி 2017-ல், தொழில்முறை பாக்ஸிங்கில் முதல் தடவையாக வளையத்துக்குள் வந்த கானர் மெக்ரிகர் மீது. ராக்கி மார்சியானோவின் 49-0 எண்ணைத் தாண்ட அது உதவியது, அவ்வளவுதான். ஹூலியோ சீசர் சாவேஸ் 1993-ல் பெர்னெல் விட்டேக்கரோடு டிரா செய்வதற்கு முன்னால் 87-0. எண்தான் அளவுகோல் என்றால் அவரைத்தானே மேலே வைக்க வேண்டும்?

பாக்கியாவோடு 2015-ல் மோதினபோது மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. தெளிவாக ஜெயித்தார், அதில் கேள்வியே இல்லை. 2010-லேயே நடந்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் இருந்திருக்காது.

மைக் டைசனைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. 1986-ல் 20 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன். உயரம் 178 சென்டிமீட்டர்தான், தன்னைவிட உயரமான ஆட்களின் கைக்குள் புகுந்து அடித்தார். 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். அந்த ஸ்பிங்க்ஸ் யார் தெரியுமா? லைட் ஹெவியில் சாம்பியனாக இருந்து மேலே வந்து 1985-ல் லாரி ஹோம்ஸைத் தோற்கடித்து ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர், லைட் ஹெவி சாம்பியனாக இருக்கும்போதே அதைச் செய்த முதல் ஆள். டைசனின் அந்த மூன்று, நான்கு வருடங்கள் எந்தப் பட்டியலுக்கும் தகும்.

அதற்கு அப்புறம் 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றார். சிறந்தவர்களோடு மோதின பெரிய சண்டைகளில், அதாவது ஹோலிஃபீல்ட், லூயிஸ் இருவரிடமும், தோல்வி. யாரை ஜெயித்தார் என்ற முதல் கேள்விக்கு அதிக மதிப்பெண் என்று மேலே சொன்னேனே, டைசன் அங்கேதான் இறங்குகிறார். பயமுறுத்தினதில் முதல் இடம் வேண்டுமானால் தரலாம்.

மேல போனா ஜெயிக்காங்க, கீழ திரும்பி வந்தா ஏன் தோக்காங்க?

ராய் ஜோன்ஸை வைத்துக் கேட்பார்கள். மிடில்வெயிட்டில் தொடங்கி, சூப்பர் மிடில், லைட் ஹெவி எல்லாம் பார்த்துவிட்டு 2003 மார்ச்சில் 193 பவுண்டில் வளையத்துக்கு வந்து, 226 பவுண்டு ஜான் ரூயிஸிடமிருந்து ஹெவிவெயிட் பெல்ட் ஒன்றை வாங்கினார். மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் வாங்கியது 1897-ல் பாப் ஃபிட்ஸிம்மன்ஸ் செய்த பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு லைட் ஹெவியின் 175-க்கு இறங்கினார். ஏற்றினதெல்லாம் தசை, கொழுப்பு இல்லை, அதனால் இறக்கும்போதும் தசைதான் போகும். வயதும் 34 ஆகியிருந்தது. 2003 நவம்பரில் அன்டோனியோ டார்வரை மூச்சு முட்டித்தான் ஜெயித்தார். 2004 மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் ஒரே இடது கையில் படுக்கவைத்தார். அதற்குப் பிறகு பழைய ஜோன்ஸைப் பார்க்கவே இல்லை. க்ராஃபோர்ட் இந்தத் தப்பைச் செய்யவில்லை. 168-ல் ஜெயித்துவிட்டு 2025 டிசம்பரில் 42-0 கணக்கோடு ஓய்வு அறிவித்தார்.

மேல போய்த் தோத்தவரை இறக்கணுமா? கனேலோ பிவோல்கிட்ட தோத்ததுக்கு ஏன் இவ்வளவு திட்டு?

திட்டு தேவையில்லை. கனேலோ 168-ல் நான்கு பெல்ட்டும் வைத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் 2022-ல் 175-க்குப் போய் டிமிட்ரி பிவோலிடம் தோற்றார். புள்ளி போடுகிற மூன்று நடுவர்களும் 115-113 என்றுதான் எழுதினார்கள், பார்த்தவர்களுக்கு இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட தோல்விக்கு நான் மதிப்பெண் குறைப்பதே இல்லை. க்ராஃபோர்டிடம் 2025 செப்டம்பரில் தோற்றது வேறு விஷயம். அது கனேலோவின் சொந்த எடை, மேலே ஏறி வந்தவர் எதிராளி.

இந்த வகைத் தோல்வியில் எனக்கு மறக்காதது ராபின்சனுடையது. 1952 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், ஏறக்குறைய 15 பவுண்டு கூடின லைட் ஹெவி சாம்பியன் ஜோயி மேக்ஸிமோடு மோதினார். ராத்திரியிலும் அப்படி ஒரு வெக்கை. பத்தாவது ரவுண்டோடு வளையத்துக்குள் நின்ற நடுவரே தாங்க முடியாமல் வெளியேறி, மாற்று நடுவர் வந்தார். புள்ளி போட்ட மூன்று பேரின் கணக்கிலும் ராபின்சன் முன்னால் இருந்தார். 13-வது ரவுண்டு முடிந்து மூலைக்குப் போனவர் 14-வதுக்கு எழுந்து வரவில்லை. பெரிய உடம்போடு கட்டிப் புரண்டதும் வெக்கையும் சேர்ந்து தீர்த்துவிட்டன. கணக்குப் புத்தகத்தில் அது தோல்வி. அவர் பெருமையில் ஒரு தூசிகூட உதிரவில்லை.

ஒரே எடையில கடைசி வரை நின்னவங்க சின்னவங்களா?

கிடையவே கிடையாது. மார்வின் ஹாக்லர் 1980-லிருந்து 1987 வரை மிடில்வெயிட்டை விட்டு நகரவில்லை, 12 தடவை பட்டத்தைக் காத்தார். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது: டுரான், ஹெர்ன்ஸ் என்று அவர் பெரிய வெற்றிகளில் பல கீழே இருந்து ஏறி வந்தவர்கள் மீது. ஏறி வந்தவருக்குப் புள்ளி கொடுத்தால், நின்று வரவேற்றவருக்குக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும்.

மெக்ஸிகோவின் ரிக்கார்டோ லோபெஸ் இன்னொரு வகை. 105 பவுண்டில் பத்து வருடம் போல ஆண்டார், கடைசியில் ஒரு படி மட்டும் ஏறினார். 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வி கிடையாது. அவ்வளவு சின்ன எடைக்கு டிவியும் பணமும் வராததால் நிறையப் பேருக்குப் பேரே தெரியாது. 1990-ல் டோக்கியோவில் அவர் பட்டத்தைப் பறித்தது ஹிதெயுகி ஒஹாஷியிடமிருந்து. அந்த ஒஹாஷியின் ஜிம்மில்தான் இனோவே வளர்ந்தார்.

எங்க ஆசான் அடிமுறை தெரிஞ்சவரு. எடையாவது ஒண்ணாவது, வர்மத்துல தட்டுனா ஆனையே விழும்கிறாரு. பாக்ஸிங்ல மட்டும் ஏன் இப்படி?

ஆசானோடு வாதம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. பாக்ஸிங் விதியை மட்டும் சொல்கிறேன். 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ் கையுறை, அதற்கு மேலே 10 அவுன்ஸ். விரலும் உள்ளங்கையும் உள்ளே மூடிக் கிடக்கும். இடுப்புக்குக் கீழே, பின்தலை, முதுகு எதிலும் தொடக் கூடாது. விரல்நுனியால் ஓர் இடத்தைத் தேடித் தொடுகிற வித்தைக்கு அங்கே வாசலே இல்லை. மிச்சம் இருப்பது முகமும் தாடையும் விலாவும். அந்த இடங்களில் எடை பேசும்.

பொம்பளைப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு உண்டா? மேரி கோம் எங்க நிக்காங்க?

உண்டு, இன்னும் சுவாரசியமாகவே உண்டு. க்ளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் 154, 160, ஹெவிவெயிட் மூன்றிலும் போட்டியில்லாத சாம்பியன். அமாண்டா செரானோ 115-லிருந்து 140 வரை ஏழு பிரிவுகளில் பட்டம் வாங்கினார், சதவீதக் கணக்கில் 22. பெண்கள் பிரிவுகளில் வீராங்கனைகள் குறைவு என்பதால் பெல்ட் எண்ணிக்கையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் வீராங்கனையாக இருந்து வந்த கேட்டி டெய்லர் செரானோவோடு மூன்று தடவை மோதினதுதான் எனக்குப் பெல்ட்டைவிடப் பெரியது.

மேரி கோம் அமெச்சூர், அது வேறு உலகம், ஆனால் எடைக் கதை அவரிடம்தான் அழுத்தமாக இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப்பில் ஆறு தங்கம், எல்லாமே 45-லிருந்து 48 கிலோ வரை. 2012 லண்டனில் பெண்கள் பாக்ஸிங் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது மூன்றே பிரிவுகள்தான், அதில் ஆகக் குறைந்த எடையே 51 கிலோ. அவர் எடை அங்கே இல்லவே இல்லை. 29 வயதில், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, தன்னைவிடப் பெரிய உடம்புகளோடு மோதி வெண்கலம் எடுத்தார். அரையிறுதியில் அவரை ஜெயித்த நிக்கோலா ஆடம்ஸ் தங்கம் வாங்கினார். ஆறு தங்கத்தைவிட அந்த வெண்கலத்தைத்தான் நான் மேலே வைப்பேன்.

சரி, சுத்தி வளைக்காதீங்க. உசிக், க்ராஃபோர்ட், இனோவே, மூணு பேர்ல யாரு?

உசிக். காரணம் சொல்கிறேன். 2018-ல் ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே உள்ள க்ரூஸர்வெயிட்டில் நான்கு பெல்ட்டும் எடுத்தார், எல்லாம் எதிராளியின் ஊரில் அல்லது அந்நிய மண்ணில். மேலே ஹெவிவெயிட்டுக்குப் போய் அந்தோணி ஜோஷுவாவை லண்டனில் ஒரு தடவை, ஜித்தாவில் ஒரு தடவை ஜெயித்தார். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரி: எடை மேடையில் 223.5-க்கு 262, ஏறக்குறைய 17 சதவீதம் கூடின ஆள், உயரத்தில் ஒரு தலை அதிகம். நடு ரவுண்டுகளில் உசிக் நன்றாகவே அடி வாங்கினார். ஒன்பதாவது ரவுண்டில் இடது கையால் ஒன்று இறங்க, ஃபியூரி கயிற்றிலிருந்து கயிற்றுக்குப் பந்து மாதிரி உருண்டார், நடுவர் எண்ண வேண்டி வந்தது. அந்த எண்ணிக்கையில் ஃபியூரிக்குப் போன புள்ளிதான் முடிவையே மாற்றியது. டிசம்பரில் திரும்பவும் ஜெயித்தார், 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் முடித்து நான்கு பெல்ட்டையும் மறுபடி சேர்த்தார். பெரிய எதிராளி, நல்ல நிலையில் இருந்த எதிராளி, திரும்பத் திரும்ப.

க்ராஃபோர்ட் இரண்டாவது, நூலிழையில். 2023-ல் எரோல் ஸ்பென்ஸை மூன்று தடவை தள்ளி ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தியது இந்தத் தலைமுறையிலேயே சிறந்த ஒற்றை ஆட்டம் என்பேன். மூன்று பிரிவுகளில் நான்கு பெல்ட்டும் எடுத்த முதல் ஆண் அவர்தான். ஆனால் வெல்டர்வெயிட்டில் அவர் சிறந்த வருடங்களில் பெரிய எதிராளிகள் கிடைக்கவில்லை. அது அவர் குற்றம் இல்லை, வியாபாரச் சண்டை. இருந்தாலும் கிடைக்காத வெற்றிக்கு மதிப்பெண் போட முடியாது.

இனோவே மூன்றாவது, அழகில் முதல். ஆறாவது சண்டையிலேயே உலக சாம்பியன். எட்டாவது சண்டையில், அதுவரை கீழே விழுந்தே இராத ஒமார் நர்வாயெஸை இரண்டே ரவுண்டில் நான்கு தடவை விழவைத்தார். 2024-ல் டோக்கியோ டோமில் லூயிஸ் நெரி முதல் ரவுண்டிலேயே அவரைத் தள்ளியபோது, பதறி எழாமல் முட்டி போட்டு எட்டு எண்ணும் வரை மூச்சு வாங்கினார். ஆறாவது ரவுண்டில் நெரி கதை முடிந்தது.

பாக்கியாவை விட்டுட்டீங்களே?

விடவில்லை. அந்த மூவரையும் தாண்டி, 1990-க்குப் பிறகு வந்த எல்லாரிலும் எனக்கு அவர்தான் முதல். 31 சதவீத ஏற்றத்தை மேலே சொல்லிவிட்டேன். 1999-ல் ஃப்ளைவெயிட் பட்டத்தை எடை மேடையிலேயே இழந்த பையன், நடுவில் இரண்டு பிரிவுகளை அப்படியே தாண்டி 122-ல் இறங்கினான். அதற்கு அப்புறம் மோதினது பாரேரா, மொராலஸ், மார்க்கெஸ், டி லா ஹோயா, ஹாட்டன், கோட்டோ. தோல்விகள் உண்டு. 2012-ல் மார்க்கெஸ் முகம் குப்புற விழவைத்ததும் உண்டு. 2019-ல் 40 வயதில் தோல்வியே அறியாத கீத் தர்மனை முதல் ரவுண்டில் தள்ளி ஜெயித்தார்.

இனோவே 126-க்குப் போய் அங்கேயும் பட்டம் வாங்கினா உங்க வரிசை மாறுமா?

யாரிடம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. 108-லிருந்து 126 என்றால் ஏற்றம் 17 சதவீதத்தை எட்டும். அவர் உயரம் 165 சென்டிமீட்டர்தான், 126 என்கிற ஃபெதர்வெயிட்டில் அவரைவிட 10 சென்டிமீட்டர் உயர்ந்தவர்களும் உண்டு. ஏற்கெனவே 122-ல் நெரியும் 2025 மே மாதம் ரமோன் கார்டெனாஸும் அவரைத் தரையைத் தொடவைத்தார்கள். கீழே 115-ல் இருந்தபோது அந்த அடிகள் அவரை ஒன்றும் செய்யவில்லை, இப்போது செய்கின்றன. அதனால் 126-ல் நல்ல நிலையில் உள்ள ஒரு சாம்பியனைச் சந்தேகமில்லாமல் ஜெயித்தால் க்ராஃபோர்டுக்கு மேலே வைப்பேன். காலியாகக் கிடக்கிற பெல்ட் ஒன்றை, தரவரிசையில் ஏழாவதோ எட்டாவதோ இருக்கிற ஆளை அடித்து எடுத்தால் மூன்றாவது இடத்திலேயே இருக்கட்டும்.